நிழலா, துணையா?

ஒரு பெண்ணை "இன்னாருடைய மனைவி" என்று சொல்லி முடித்துவிட்டால், அவரைப் பற்றி நாம் என்ன சொல்லிவிட்டோம்? சின்னக் கேள்விதான். ஆனால் இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் ஓடும் ஒரு வகை நிகழ்ச்சி முழுவதும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

விளையாட்டு வீரர்களின் மனைவிமாரையும் காதலிமாரையும் காட்டும் 'ரியாலிட்டி' தொடர்களைச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2010இல் 'பாஸ்கெட்பால் வைவ்ஸ்' தொடங்கியது. 2015இல் 'வாக்ஸ்' என்று இன்னொன்று வந்தது. பெரிய வீடு, விலை உயர்ந்த கைப்பை, விருந்து, பிறகு வாய்ச்சண்டை. பந்து மட்டும் கண்ணில் படவே படாது. இதன் துண்டுக் காட்சிகள் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்து சேர்கின்றன.

எங்கள் வட்டார இளைஞர் சந்திப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தங்கை எழுந்து, "அண்ணே, அவுங்களே விருப்பப்பட்டுதானே நடிக்கிறாங்க. காசும் வாங்கிக்கிறாங்க. நாம பாக்குறதுல என்ன பாவம்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. 'பாஸ்கெட்பால் வைவ்ஸ்' தொடரைத் தயாரித்தவர்களில் ஒருவரே, கூடைப்பந்து வீரர் ஷகில் ஓ'நீலின் மனைவியாக இருந்த ஷானி ஓ'நீல்தான். கணவரின் புகழால் தன்மேல் விழுந்த வெளிச்சத்தைத் தன் தொழிலாக மாற்றிக்கொண்டார். அவர் பிழைப்பு அது. தீர்ப்புச் சொல்ல நான் யார்? நான் கேட்பது பார்க்கிறவனைப் பற்றி. தினமும் ஒன்றைப் பார்த்தால் கண்ணுக்கு ஒரு பழக்கம் வரும். இங்கே வரும் பழக்கம், ஒரு பெண்ணை எப்போதும் இன்னொருவர் வழியாகவே பார்ப்பது. அது எங்கே கொண்டுபோய் விடும்?

முதலில் பழியில் கொண்டுபோய் விடும். 2006 உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, இங்கிலாந்து வீரர்களின் துணைவியர் ஜெர்மனியின் பாடன்பாடன் நகரில் தங்கினார்கள். அவர்கள் எங்கே போனார்கள், என்ன வாங்கினார்கள் என்று பத்திரிகைகள் துரத்தித் துரத்தி எழுதின. காலிறுதியில் இங்கிலாந்து போர்ச்சுகலிடம் பினால்டியில் தோற்றது. பினால்டி உதைத்தவர்கள் ஆண்கள். ஆனால் தோல்விக்குக் காரணம் தேடியபோது, கடைக்குப் போன பெண்களின் பெயரும் அடிபட்டது.

நம்ம ஆளுங்க மட்டும் என்ன குறைச்சலா? 2015 மார்ச் 26, சிட்னி. உலகக் கிண்ண கிரிக்கெட் அரையிறுதியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. விராட் கோலி எடுத்தது ஒரே ஓட்டம். பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்த அனுஷ்கா சர்மாவைச் சமூக ஊடகங்களில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அப்போது அவர்களுக்குத் திருமணம்கூட ஆகவில்லை. அதே மாதம்தான் அனுஷ்கா தாமே தயாரித்து நடித்த 'என்.எச்.10' படம் திரைக்கு வந்திருந்தது. தனித் தொழிலும் தனிப் பெயரும் உள்ள ஒருவர், அந்த ஒரு நாளில் கோலியின் 'ராசி' ஆகிவிட்டார். மறு ஆண்டு கோலியே, இப்படிப் பேசுகிறவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பழக்கம் புகழ்ச்சி வடிவிலும் வரும். அதை அடையாளம் காண்பது கஷ்டம்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் நமக்கெல்லாம் பெருமை. 2020 நவம்பரில் அவர் ஐ.பி.எல். போட்டிக்காக வெளிநாட்டில் இருந்தபோது மகள் பிறந்தாள். வீட்டுக்குப் போகாமல் அப்படியே ஆஸ்திரேலியா போனார். வலைப்பயிற்சிப் பந்து வீச்சாளராகப் போனவர், மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். குழந்தையின் முகத்தைப் பார்க்க ஜனவரி ஆகிவிட்டது. அதே பயணத்தில், கோலி முதல் டெஸ்ட் முடிந்ததும் மனைவியின் பிரசவத்துக்காக வீடு திரும்பினார்.

உடனே பட்டிமன்றம். நடராஜன் தியாகி, கோலி கடமை தவறியவர் என்று ஒரு கூட்டம். கோலிதான் நல்ல கணவர் என்று இன்னொரு கூட்டம். ஏழை வீரருக்கு விடுப்புக் கேட்கும் நிலை உண்டா என்ற நியாயமான கேள்வியும் எழுந்தது. ஆனால் அந்தப் பட்டிமன்றத்தில் பேசப்பட்டது முழுவதும் இரண்டு ஆண்களைப் பற்றித்தான். பச்சைக் குழந்தையோடு கிராமத்து வீட்டில் அந்த மாதங்களைக் கடத்திய பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்று கேட்டவர் சிலர்தான். "அவங்க பொறுத்துக்கிட்டாங்க" என்று ஒரு வரியில் பாராட்டிவிட்டு நாமும் நகர்ந்துவிட்டோம்.

இது நமக்குப் பழைய பழக்கம். இராமாயணத்தில் ஊர்மிளையை நினைத்துப் பாருங்கள். சீதையின் தங்கை, இலக்குவனின் மனைவி. அண்ணனோடு இலக்குவன் காட்டுக்குப் போனான்; பதினான்கு ஆண்டுகள் அவள் அயோத்தியில் இருந்தாள். கணவனின் தொண்டைப் பாடிப் பாடி நமக்கு அலுக்கவில்லை. அவளைப் பற்றி வால்மீகி அதிகம் பேசவில்லை. 20ஆம் நூற்றாண்டில் இந்திக் கவிஞர் மைதிலி சரண் குப்த் 'சாகேத்' எழுதி அவளை நடுவில் கொண்டுவந்து வைத்தார்.

பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்கிறது. அது உயர்ந்த நெறி, மறுப்பில்லை. ஆனால் அது ஒருவர் தாமாக ஏற்க வேண்டிய நெறி. இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, அதன் பலனை நாம் அனுபவிப்பதற்குப் பெயர் நிஷ்காம கர்மம் இல்லை. மனைவியைச் சகதர்மிணி என்கிறோம். தர்மத்தைச் சேர்ந்து செய்கிறவள் என்று பொருள். சேர்ந்து என்றால் அந்தக் கடமை ஆணுக்கும் உண்டுதானே? அர்த்தநாரீஸ்வரர் திருவுருவில் அம்மை பின்னால் நிற்கவில்லை, பாதி உடலாகவே இருக்கிறாள்.

தீபிகா பள்ளிக்கலைக் 'கிரிக்கெட் வீரர் தினேஷ் கார்த்திக்கின் மனைவி' என்று அறிந்தவர்கள் அதிகம். சென்னைக்காரரான அவர் ஸ்குவாஷ் வீராங்கனை. ஆண்களுக்குச் சமமான பரிசுத் தொகை தரும்வரை இந்தியத் தேசியப் போட்டியில் ஆடமாட்டேன் என்று 2012 முதல் 2015 வரை ஒதுங்கி நின்றார். தொகை சமமான பிறகு, 2016இல் வந்து பட்டம் வென்றார். 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தை பெற்று, 2022 ஏப்ரலில் கிளாஸ்கோ உலக இரட்டையர் போட்டியில் இரண்டு தங்கம் எடுத்தார். நம் நாட்டிலும், லீ சோங் வெய்யின் மனைவி வோங் மியூ சூ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகப் பூப்பந்து ஆடியவர் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் காற்பந்துத் திடல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் நமக்குத் திருவிழா. செம்மண் படிந்த ஜெர்சியைத் துவைத்தவர், ஆட்டக்காரர்களுக்குச் சோறு ஆக்கியவர், முட்டி பெயர்ந்து வந்தவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர் யார் என்றும் தெரியும். பரிசளிப்பில் அவர்களுக்கு "தாய்மார்களுக்கும் நன்றி" என்று மொத்தமாக ஒரு வரி.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. பள்ளியில் வலைப்பந்தும் ஹாக்கியும் நன்றாக ஆடிய தங்கைகள் திருமணத்துக்குப் பிறகு திடல் பக்கமே வருவதில்லை. ஒருவரிடம் கேட்டேன். "யாரும் வேணாம்னு சொல்லலண்ணே. வான்னும் யாரும் கூப்பிடல" என்றார். அவர் கணவர் நாற்பது வயதிலும் வாரந்தோறும் ஆடுகிறார். நல்ல மனிதர்தான். அவரும் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை.

எனவே அந்தத் தங்கைக்கு என் பதில் இதுதான்: அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். பார்க்கும்போது அந்தப் பெண்ணுக்கு அவருடைய பெயரைக் கொடுத்துப் பாருங்கள். ஓர் ஆட்டக்காரர் தோற்றதற்கு அவர் வீட்டுப் பெண்ணைக் கிண்டல் செய்யும் படம் புலனத்தில் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். "அவ தியாகம் பண்ணினா" என்று பாராட்டும் முன், "உனக்கு என்ன வேணும்?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

கிளைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விளையாட்டு விழாவுக்குக் குழுப் பட்டியல் போடும்போது, திருமணமான சகோதரிகளுக்கும் ஒரு குழு போடுங்கள். ஆட்டம் முடியும்வரை பிள்ளைகளைக் கணவன்மார்கள் பார்த்துக்கொள்ளட்டும். பெயர் கொடுக்க முதலில் தயங்குவார்கள். நேரில் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள்.