எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தில் பழைய வாகனங்களுக்கென்று ஒரு வரையறை இருக்கிறது. ‘வரலாற்று வாகனம்’ என்ற இலக்கத்தகடு கிடைக்க இரண்டு தகுதிகள் வேண்டும். வாகனத்துக்குக் குறைந்தது 30 வயதாகியிருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எப்படி இருந்ததோ பெருமளவு அப்படியே, மாற்றம் செய்யப்படாமல் இருக்க வேண்டும். முதல் தகுதியைக் காலம் தானாகவே கொடுத்துவிடும். இரண்டாவதுதான் என்னை நான்கு வருடங்களாக யோசிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

என்னுடையது 1973ஆம் ஆண்டு லான்ட் றோவர், மூன்றாவது வரிசை. பீற்றர்பரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் கிடந்தது. பண்ணைக்காரர் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் விற்றார்கள். ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் அது வந்ததிலிருந்து மனைவியின் கார் வெளியே பனியில் நிற்கிறது. பகலில் நிறுவனங்களின் பழைய கணினி அமைப்புகளைப் புதியவற்றுக்கு மாற்ற ஆலோசனை சொல்வது என் தொழில். இரவிலும் சனிக்கிழமைகளிலும் இந்த வேலை.

வாங்கியபோது அது ஓடவில்லை. அலுமினிய உடல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அடியிலிருந்த இரும்புச் சட்டகத்தைத்தான் கறள் தின்றிருந்தது. இங்கே குளிர்காலத்தில் வீதியெங்கும் உப்புக் கொட்டுவார்கள் அல்லவா? லான்ட் றோவரின் சட்டகம் நீளமான பெட்டி போல உள்ளே வெறுமையாக இருக்கும். உப்புநீர் உள்ளே போனால் லேசில் வெளியே வராது. கறள் உள்ளிருந்து பிடித்துக்கொண்டு வரும். வெளியே கறுப்பு மை பூசி வடிவாகத் தெரிகிற இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் சுத்தியல் உள்ளே போகும். இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடங்களில் இன்னொரு சேதம். நடுவில் உப்புநீர் நின்றால் அந்த இடம் ஒரு சிறிய பற்றறியாகிவிடும். அதில் கரைவது அலுமினியம். வெள்ளைத் தூளாக உதிரும்.

சட்டகத்தை மாற்றுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. நாக முலாம் பூசிய புதிய சட்டகம் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. நெடுஞ்சாலை 401இல் எனக்குப் பின்னால் பிள்ளைகளோடு வருகிறவருக்கு என்னுடைய பழைமைப் பற்றினால் ஆபத்து வரக்கூடாது. அதில் விவாதம் இல்லை.

விவாதம் தொடங்கியது மற்றப் பொருட்களில். பண்ணைக்காரர் சாரதி இருக்கையின் அடிப்பலகையை மேப்பிள் மரத்தில் தானே செய்து போட்டிருந்தார். ஹீற்றர் ஒரு பாடசாலைப் பேருந்திலிருந்து கழற்றியது. முன்னால் பனி தள்ளும் தகட்டைப் பூட்ட இரும்புத் தாங்கி ஒன்றை ஒட்டியிருந்தார். வலது கதவின் உட்புறத்தில் பென்சிலால் எண்ணெய் மாற்றிய தேதிகள், 1979இலிருந்து 1996 வரை. ஒரு தேதிக்குப் பக்கத்தில் அன்று ஒரு கன்று பிறந்தது என்றும் குறித்திருந்தார்.

வரலாற்று இலக்கத்தகடு வேண்டுமென்றால் இவை போக வேண்டும். செய்வது கடினமில்லை. இந்த வாகனத்தின் எந்த உதிரிப்பாகத்தையும் இன்றும் வாங்கலாம். தொழிற்சாலை அடித்த பச்சையின் சரியான கலவைகூடக் கிடைக்கும். பென்சில் எழுத்தின்மேல் இரண்டு தடவை மை அடித்தால் முடிந்தது.

ஒரு மாலை என் மகள் கராஜுக்குள் வந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் 16 வயது. ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “அப்பா, இதை எந்த வருசத்துக்குக் கொண்டுபோகப் போறீங்கள்?” 1973க்கு என்றேன். “ஏன் 1973? அந்த வருசம் இது ஒண்டுமே செய்யேல்லையே.”

பழையதை மீட்டெடுப்பவர்கள் எல்லோரும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் அது தொடக்க ஆண்டு. பொருளின் உண்மை அதன் பிறப்பில் இருக்கிறது, பிறகு வந்ததெல்லாம் அதன்மேல் படிந்த அழுக்கு என்ற நம்பிக்கை அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கை சரியா என்பதுதான் என் கேள்வி.

லான்ட் றோவரின் பிறப்பையே பார்ப்போம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். றோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சித் தீவிலிருந்த தன் பண்ணையில் போர்க்கால அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்ற யோசனையில்தான் இந்த வாகனம் உருவானது. முதல் மாதிரியே ஒரு ஜீப்பின் சட்டகத்தின்மேல் கட்டப்பட்டது. உருக்குக்குப் பங்கீடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோது அதை ஒரு பண்ணைக் கருவியாகவும் விற்றார்கள். எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து மரம் அறுக்கவும் கதிர் அடிக்கவும் அதில் வசதி செய்துகொள்ளலாம்.

ஆகவே மூலம் என்று நாம் கும்பிடுவதே கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றியதுதான். பீற்றர்பரோப் பண்ணைக்காரர் பனி தள்ளும் தகட்டைப் பூட்டியபோது மூலத்தைக் கெடுக்கவில்லை. அதைச் செய்தவர்கள் நினைத்திருந்த வேலையைத்தான் அதற்குக் கொடுத்தார்.

எனக்கு வெல்டிங் சொல்லித்தந்தவர் எங்கள் பகுதியில் இருக்கும் ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்தில் வாகனம் திருத்தியவர். இப்போது ஓய்வில் இருக்கிறார். 1990களின் பொருளாதாரத் தடை இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் பலருக்கு ஞாபகமிருக்கும். பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை. ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்துச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை. அந்தக் கார்களில் எது அசல், எது உள்ளூர் லேத்தில் கடைந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமா என்பதுதான் கேள்வி.

அண்ணையிடம் என் சிக்கலைச் சொன்னேன். அவர் பேருந்து ஹீற்றரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இதைப் போட்டவன் ஆள் கெட்டிக்காரன். குளிருக்குள்ள இருந்து யோசிச்சிருக்கிறான். இதைக் கழட்டிப்போட்டு அந்த இங்கிலீசுக்காரன்ர சின்னப் பெட்டியைப் போடப்போறீரோ? பிறகு நீர்தான் நடுங்குவீர்.”

அவருடைய சொல் ‘திருத்துதல்’. எங்கள் ஊரில் கார் திருத்துவார்கள், வீடு திருத்துவார்கள். பிழையான கணக்கையும் அதே சொல்லால்தான் திருத்துவோம். அதில் பழைய நிலைக்குப் போவது என்ற பொருள் இல்லை, இனிமேல் சரியாக இயங்க வேண்டும் என்பதுதான் இருக்கிறது. ‘மீட்டல்’ வேறு. ஈடு வைத்த சங்கிலியை மீட்பது போன்றது. வைத்த அதே சங்கிலி, அதே நிறையில் திரும்ப வர வேண்டும். நான்கு வருடங்களாக நான் குழம்பியது இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான். திருத்த வேண்டிய பொருளை ஈட்டுக்கடையிலிருந்து மீட்கப் பார்த்தால், இடையில் அதை அணிந்தவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது.

கட்டடக்கலைஞர்கள் இந்தக் கேள்வியை நீண்ட காலமாகப் பேசிவந்திருக்கிறார்கள். 1964இன் வெனிஸ் சாசனம் பழைய கட்டடங்களைப் பேணுவதற்குச் சில நெறிகளைச் சொன்னது. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த நியாயமான பங்களிப்புகளை மதிக்க வேண்டும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பொருந்தி இருக்கலாம், ஆனால் புதியது என்று அடையாளம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது சான்றைப் பொய்யாக்கும்.

எங்கள் மரபோ புதுப்பிப்பதற்குத் தயங்குவதில்லை. கோயிலுக்குப் 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது வழக்கம். கோபுரத்துக்குப் புது வர்ணம் பூசுவதைப் பக்தர்கள் யாரும் மோசடி என்று சொல்வதில்லை. அது வாழுகிற இடம். ஆனால் தமிழ்நாட்டில் பல கோயில்களில் கல்லைச் சுத்தமாக்குகிறோம் என்று மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்தபோது சிற்பங்களின் நுணுக்கமும் கல்வெட்டு எழுத்தும் சேர்ந்து தேய்ந்தன. நிலம் கொடுத்தவர், விளக்குக்கு ஆடு கொடுத்தவர் என்று கல்லில் இருந்த பெயர்களுக்குத்தான் இழப்பு. புதுப்பித்தலுக்கும் அழித்தலுக்கும் நடுவில் உள்ள கோடு அங்கே தெரிகிறது. வர்ணம் பூசுவது ஒருவருடைய வேலையின்மேல் இன்னொருவர் வேலையைச் சேர்ப்பது. எழுத்தைத் தேய்ப்பது, அவர் இருந்தார் என்பதையே எடுத்துவிடுவது.

இதைவிடக் கடினமான உதாரணம் யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் அது எரிக்கப்பட்டது. பிற்காலத்தில் பழைய தோற்றத்திலேயே மீளக் கட்டினார்கள். எரிந்த சுவர்களை நினைவுச்சின்னமாக விட்டுவிட்டு வேறிடத்தில் கட்டவேண்டும் என்று அப்போது குரல் எழுந்தது. வெள்ளையடித்தால் நடந்தது மறைந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானது. இன்று அங்கே போய்ப் படிக்கிற ஒரு மாணவிக்கு மேசையும் புத்தகமும் வெளிச்சமும் வேண்டும் என்பதும் நியாயம்தான். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. கட்டியது சரி என்று நினைக்கிறேன். ஆனால் எரிந்த ஒரு சுவரையாவது எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உள்ளே விட்டிருந்தால் இரண்டு நியாயங்களும் ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கும்.

ஒரு லொறியையும் எரிந்த நூலகத்தையும் ஒரே தட்டில் வைப்பதா என்று கேட்கலாம். இழப்பின் அளவில் ஒப்பீடே இல்லை. கேள்வி மட்டும் ஒன்றுதான்: பழைய வடிவத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது இடையில் நடந்தவற்றை நாம் என்ன செய்கிறோம்?

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. தேய்மானத்தைக் கொண்டாடுவதும் ஒரு மோகமாகிவிட்டது. புது மையைச் சுரண்டிப் பழையதாகக் காட்டித் தருகிறவர்களே இருக்கிறார்கள். 1948 அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் நின்ற லான்ட் றோவர்களில் ஒன்று பல வருடங்களாகக் காணாமற்போய், சொலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தூரத்திலேயே கண்டெடுக்கப்பட்டது. அதை மீட்கும் வேலையை நிறுவனம் 2018இல் அறிவித்தபோது, பழைய பாகங்களின் தேய்ந்த தோற்றத்தையும் பச்சை மையையும் அப்படியே காப்போம் என்றது. அது நேர்மையான முடிவு. ஆனால் அந்த வாகனம் இனி வேலை செய்யப்போவதில்லை. டார்ஜிலிங் மலையில், மானேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரத்தில் உள்ள சந்தக்பூவுக்கு 1950களின் லான்ட் றோவர்கள் பல பத்தாண்டுகளாகப் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு மகிந்திரா டீசல் எஞ்சின். சேகரிப்பாளர் ஒருவருக்கு அவை பாழாக்கப்பட்டவை. அவற்றை ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்கு அவை வாகனங்கள்.

மாற்றுவதில் எனக்குத் தடையில்லை என்பது இப்போது தெளிவு. எங்கள் தொழிலில், ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று வரிசையாகப் பதியும் ஏற்பாடு இருக்கிறது. அது மாற்றத்தைத் தடுப்பதில்லை. மாற்றியதை மறைப்பதைத்தான் தடுக்கிறது. அந்த ஒழுக்கம் போதும் என்று தோன்றுகிறது.

புலம்பெயர்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி கராஜோடு முடிவதில்லை. நாங்கள் ஒவ்வொருவரும் ஊரை ஓர் ஆண்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம். 1983இல் வந்தவருக்கு ஒரு யாழ்ப்பாணம், 1995இல் வந்தவருக்கு இன்னொன்று. பிள்ளைகளிடம் கேட்பது அந்த ஆண்டின் தமிழை, அந்த ஆண்டின் மரியாதையை, அந்த ஆண்டின் கலியாண வீட்டை. அவர்கள் ஸ்காபரோவில் பழகிச் சேர்த்ததெல்லாம் எங்களுக்குப் பேருந்து ஹீற்றராகத் தெரிகிறது. கழற்றிவிட்டால் உள்ளே அசல் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் அவர்கள் குளிருக்குள் இருந்து யோசித்துப் போட்டது அது. ஊரில் இருப்பவர்களும் எங்களுக்காக அந்த ஆண்டிலேயே காத்துக்கொண்டிருக்கவில்லை.

எதையும் கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டகத்தை நான் மாற்றத்தானே செய்தேன்? கறள் தின்ற பழக்கங்கள் எங்களிடமும் உண்டு. வெளியே கறுப்பு மை பூசி வடிவாகத்தான் நிற்கும். சாதியும் சீதனமும் பாரம்பரியம் என்ற பெயரில் இங்கேயும் வந்து சேர்ந்தவை. அவற்றையும் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பாரம் தாங்காததை அகற்றுவதும் பாரம் தாங்குகிற ஒட்டு வேலையை மதிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

லான்ட் றோவருக்குச் சாதாரண இலக்கத்தகடுதான் எடுத்திருக்கிறேன். ஹீற்றர் இருக்கிறது, மேப்பிள் பலகை இருக்கிறது. கதவின் உட்புறத்தில் பென்சில் எழுத்தின்மேல் நிறமற்ற மெழுகு மட்டும் பூசியிருக்கிறேன். பனி தள்ளும் தகட்டின் தாங்கியைக் கழற்ற வேண்டியிருந்தது, புதிய சட்டகத்தில் அது பொருந்தவில்லை. அதைக் கராஜ் சுவரில் மாட்டி, எந்த இடத்தில் இருந்தது என்று படம் எடுத்து ஒரு கொப்பியில் ஒட்டியிருக்கிறேன். மாற்றிய ஒவ்வொரு பாகமும், தேதியும், காரணமும் அதில் இருக்கின்றன. கொப்பி தமிழில் இருக்கிறது. என் மகளுக்கு வாசிக்க நேரமெடுக்கும். அடுத்து வாங்குகிறவருக்கு வாசிக்கவே தெரியாமலும் போகலாம். யாரோ ஒருவர் இங்கே வேலை செய்திருக்கிறார் என்பதாவது அவருக்கு விளங்கும்.