ஒற்றைத்தூண் மாளிகை

எங்கள் குடியிருப்பின் காம்பவுண்டு சுவரை இன்னும் 3 அடி உயர்த்த வேண்டுமாம். இரண்டாம் மாடியில் திருட்டு நடந்ததிலிருந்து இதே பேச்சு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பரீட்சித்து மகாராஜா நினைவுக்கு வருகிறார்.

மௌன விரதத்தில் இருந்த சமீக முனிவரின் தோளில் செத்த பாம்பைப் போட்டவர் அவர். ஏழு நாளில் நாகராஜன் தட்சகன் தீண்டிச் சாவாய் என்று முனிவரின் மகன் சபித்தான். உடனே ஒற்றைத் தூணின்மேல் மாளிகை எழுப்பி, வைத்தியர்களையும் மந்திரம் அறிந்தவர்களையும் சுற்றி வைத்துக்கொண்டார் என்கிறது மகாபாரதத்தின் ஆதி பருவம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. உயிரைக் காத்துக்கொள்ள நினைப்பது பாவமா என்ன?

ஆனால் அந்தக் காவல் யாரை உள்ளே விட்டது? தவசி வேடத்தில் பழமும் தர்ப்பையும் கொண்டுவந்த நாகர்களை. பழத்துக்குள் புழுவாக இருந்தான் தட்சகன். விஷம் முறிக்கத் தெரிந்த காசியபரோ வந்து சேரவே இல்லை. தட்சகன் பொருள் கொடுத்து அவரை வழியிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். அரசரின் ஆயுள் முடிந்ததென்று காசியபரும் ஞானத்தால் அறிந்தாராம். இருந்தாலும், பாதி வழியில் திரும்பிப் போன அந்த வைத்தியரை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் கேட்டில் காரில் வருகிறவருக்கு சல்யூட். வீட்டு வேலை செய்யும் செல்விகளும் லட்சுமிகளும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி. 108 ஆம்புலன்ஸை நிறுத்தி, எந்த வீடு, யார் கூப்பிட்டது என்று நோட்டில் எழுதிய பிறகே உள்ளே விட்டார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். வாட்ச்மேன்மீது தப்பில்லை. அவருக்கு நாங்கள் போட்ட உத்தரவு அது.

பாகவதத்தில் அதே பரீட்சித்து மாளிகை எதுவும் கட்டவில்லை. நாட்டை மகன் ஜனமேஜயனிடம் விட்டுவிட்டு, கங்கைக்கரையில் உண்ணாமல் அமர்ந்தார். முனிவர்கள் கூடினார்கள். சுக முனிவர் பாகவதக் கதையைச் சொல்லச் சொல்ல ஏழு நாளும் கேட்டார். தட்சகன் அங்கேயும் வந்தான். ஆனால் அவன் வருவதற்குள் அவருக்குப் பயம் போய்விட்டிருந்தது. எந்தச் சுவரும் தர முடியாதது அதுதான் என்று இந்த வயதில் உறுதியாக நம்புகிறேன்.

குடியிருப்போர் கூட்டத்தில் சுவர் வேண்டாமென்று சொல்லமாட்டேன். திருட்டுக் கொடுத்த வீட்டார் நிம்மதியாகத் தூங்கட்டும். ஆனால் வேலைக்கு வருகிறவர்களின் பையைச் சோதிப்பதை நிறுத்துங்கள், ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் கேட்டைத் திறந்துவிட்டுப் பிறகு நோட்டை எடுங்கள் என்று கேட்கப்போகிறேன். உங்கள் குடியிருப்பிலும் கேளுங்கள்.