வளையும் கதியும்

மதுரை வில்லாபுரத்துக்குத் தெற்கே எஞ்சியுள்ள வயல்களின் வரப்பில் ஈரமண் பொலபொலவென்று புதிதாகக் குவிந்திருந்தால், அதனடியில் நெற்கதிர்களைச் சேர்த்து வைத்துத் தனித்து வாழும் கரம்பை எலியின் வளை இருக்கக்கூடும். வளர்ந்த குட்டி தாயின் வளையை நீங்கி வேறிடத்தில் இனம்பெருக்குவதைப் பிறப்பிடப் பெயர்வு என்பர்; பாலூட்டிகளில் பெரும்பாலும் ஆணே தொலைவு செல்வதால், உடன்பிறந்தவை தம்முள் கூடுவது குறைகிறது. இந்தப் பெயர்வு உயிரின் விருப்பமா, உடலின் உந்துதலா?

கீழக்குயில்குடிச் சமணர் மலையில் தவமிருந்தோரின் மரபு, தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நால்வகைப் பிறவியையும் 'கதி', அதாவது செல்கை, என்றே வழங்கி, வினையே உயிரைச் செலுத்துகிறது என்றது. பிறவிக்குச் சொன்ன அவ்விளக்கம் எலியின் ஓரிரவுப் பயணத்துக்கு முழுதும் பொருந்தாது. ஆயினும் வளை நீங்கும் எலியையும் மனிதனைப் போலவே வழியில் உள்ள ஓருயிராக அம்மரபு கண்டது. அந்தப் பார்வையே சரியானது.