லாரித் தொழில் சிராவகர்க்கு ஆகுமா?

நம் சமுதாயத்து இல்லறத்தார் ஒருவர் லாரி ஓட்டும் தொழிலுக்குச் செல்லலாமா என்று சில மாதங்களாக எண்ணி வருகிறார். இரண்டு பிள்ளைகளின் தந்தை. அகவை நாற்பதைக் கடந்தவர். தனியார் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தார். 2020-இல் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட, நின்றுபோன ஊதியம் பின்னர்ப் பாதியாகவே திரும்பி வந்தது. இருக்கும் சிறிது நிலமும் கிணற்று நீரை நம்பியது. மூத்த மகள் கல்லூரி வாயிலில் நிற்கிறாள். கனரக வாகனப் பயிற்சி பெற்று உரிமம் வாங்கினால் குடும்பம் நிமிரும் என்பது அவர் கணக்கு. அவரைத் தடுப்பது, அருகன் நெறியில் நிற்பவனுக்கு இத்தொழில் தகுமா என்னும் ஐயமே.

உறவினருள் பலர் தகாது என்கின்றனர். சிலருக்கு அது அறம் பற்றிய கவலை. சிலருக்கோ, மகளின் திருமணப் பேச்சில் 'தந்தை என்ன செய்கிறார்?' என்று கேட்பார்களே என்ற கவலை. பின்னதைப் பற்றி மிகுதியாக எழுத வேண்டியதில்லை. ஏர் பிடித்தும் வண்டி பூட்டியும் வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோர் நாம்.

அறம் பற்றிய தடையோ எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இயற்றிய யோகசாத்திரம், சிராவகர் விலக்கத்தக்க 15 தொழில்களைக் கூறுகிறது. வண்டித் தொழிலும், வாடகைக்குச் சுமை ஏற்றிச் செல்லும் தொழிலும் அவற்றுள் உள்ளன. அது சுவேதாம்பர மரபின் நூல், நம்மை எப்படிக் கட்டும் என்று சிலர் கேட்கலாம். நம் மரபில் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இதே இடத்தைத் தொடுகிறது. பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்களுள், ஆசையால் அளவு கடந்து ஓட்டுதலையும் அளவு கடந்து சுமை ஏற்றுதலையும் அது வைத்திருக்கிறது. கொல்லாமை விரதத்தின் குற்றங்களிலும் மிகு பாரம் ஏற்றுதல் வருகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், உணவு நீர் மறுத்தல் ஆகியவற்றுடன் ஒரே வரிசையில்.

அந்நூல்கள் எருதையும் குதிரையையும் மனத்திற்கொண்டு பேசின. லாரிக்கு வலி இல்லை. டீசலைக் குடித்துவிட்டு அது ஓடும். ஆகவே அக்குற்றங்கள் இன்று பொருந்தா என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நுகத்தடியிலிருந்து எருது விடுபட்டது உண்மை. ஆனால் அதன் இடத்தில் இன்று அமர்ந்திருப்பவர் ஓட்டுநர். உணவு வேளை தவறியும், கண் எரிந்தும், மறுநாட் காலைக்குள் சரக்கைச் சேர்க்க வேண்டும் என்ற விரட்டலுக்கு உட்பட்டும் ஓடுவது அவர் உடலே. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அவர்தம் வேலையை வரையறுத்தது. நெடுஞ்சாலையில் அந்த வரையறை எவ்வளவு பேணப்பட்டது என்பதைச் சாலையோரத் தேநீர்க்கடைக்காரரே சொல்லிவிடுவார்.

இங்கே பிரமாதம் என்னும் சொல்லைக் கருத வேண்டும். பேச்சு வழக்கில் அது பாராட்டாகிவிட்டது. ஆகமத்திலோ அதன் பொருள் சோர்வு, கவனமின்மை. சோர்வுடைய மனமொழி மெய்களால் உயிரைப் போக்குவதே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் முடிபு. பிரமாதம் 15 வகைப்படும் என்று எண்ணும் ஆசிரியர்கள், நான்கு விகதைகள், நான்கு கஷாயங்கள், ஐம்பொறிகள், பற்று ஆகியவற்றோடு உறக்கத்தையும் ஒன்றாக வைத்தனர். சக்கரத்தின் பின்னால் அமர்ந்தவனுக்கு இதைவிட நேராகப் பேசும் விதி வேறில்லை. உழவில் மண்புழு மடிவது போலச் சாலையில் சிற்றுயிர் மடிவது தொழில்வழி இம்சை. இல்லறத்தார்க்கு அதை முற்றும் விலக்குதல் இயலாது. உறக்கம் வருவதை அறிந்தும் தொடர்ந்து ஓட்டுவது அவ்வகையில் அடங்காது.

இரவுண்ணாமையை நாம் போற்றுவதன் காரணமும் இதனோடு இயைந்ததே. இருளில் உயிர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்கை நோக்கிப் பூச்சிகள் வந்து விழுகின்றன. இரவு முழுதும் ஓடிய லாரியின் முன்கண்ணாடியை விடியலில் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டா.

ஆகவே, அந்த ஆசிரியர் இத்தொழிலுக்குச் செல்லலாம் என்பதே என் கருத்து. எந்த வகையில் செல்கிறார் என்பதில்தான் நன்மையும் தீமையும். கடன் பெற்றுச் சொந்த லாரி வாங்கும்படி நண்பர்கள் அவருக்குச் சொல்கின்றனர். சரக்கைத் தாமே தேர்ந்தெடுக்கலாம், கொலைக்குச் செல்லும் கால்நடையையும் கோழியையும் மதுவையும் ஏற்ற மறுக்கலாம் என்பது அதில் நயமாகத் தோன்றும். ஆனால் மாதத் தவணை ஒரு தாற்றுக்கோல். தவணை நாள் நெருங்கும்போது கூடுதலாக இரண்டு டன் ஏற்றவும், இன்னும் ஓர் இரவு விழிக்கவும் அது குத்தும். முதலில் சம்பளத்துக்கு ஓட்டுவதே நலம். எதை ஏற்ற மாட்டார் என்பதைச் சேரும் நாளிலேயே உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால் சில இடங்களில் வேலை கிடைக்காமலும் போகலாம்.

திக்கு விரதம் அவருக்கு மிகவும் உதவும். வடநாட்டுக்குச் செல்லும் லாரிகளில் புறப்பட்டவர் வீடு திரும்பப் பல நாட்களாகும். தமிழ்நாட்டு எல்லைக்குள் என்று வரைந்துகொண்டால் வருவாய் குறையும். ஆனால் வாரத்தில் சில இரவுகளேனும் பிள்ளைகளோடு இருப்பார். பணம் அனுப்பும் முகவரியாக மட்டும் ஒரு தந்தை மாறிவிட்டால், இளைய மகனை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று பஞ்ச நமஸ்காரம் சொல்லித் தருவது யார்? தாய் செய்வார் என்று விடை சொல்லலாம். தந்தையின் பங்கு என்று ஒன்று இருக்கிறது. உணவைப் பற்றிய அச்சம் எனக்கு அவ்வளவாக இல்லை. கட்டுச்சோறும் காய்ச்சி வடிகட்டிய நீரும் உடன் கொண்டுசென்று, பொழுது சாயுமுன் வண்டியை நிறுத்தி உண்ணுதல் உறுதியுடையவர்க்கு அரிதன்று.

இனி, சமுதாயத்தின் பக்கம் ஒன்று உண்டு. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மூவழியிலும் வினை வந்து சேரும் என்பது நாம் சிறுவயது முதல் கேட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் மிகு பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கையில், ஓட்டுபவரோடு ஓட்டச் செய்பவரையும் ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. நம்மவருள் நெல்லும் அரிசியும் மணிலாவும் வாங்கி விற்போர் இருக்கின்றனர். லாரி அமர்த்தும்போது அவர்கள் கேட்பவை இரண்டு: வாடகை எவ்வளவு, காலையில் வந்து சேருமா? ஒரு பகல் கூடுதலாகக் கொடுத்து, அளவான சுமையோடு அனுப்பச் சொன்னால் வாடகை சற்று ஏறும். அந்த ஏற்றத்தை ஏற்றுக்கொள்வோர் நம்முள் எத்தனை பேர் என்பது தெரியுமுன், அந்த ஆசிரியரைப் பார்த்து இத்தொழில் உமக்கு ஆகாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.