தெரியாது என்று சொல்லும் துணிவு

மாணவன் ஒருவன் தனக்கு விளங்காத பாடத்தை விளங்கியது என்று சொன்னால் அது பொய்யா? பொய்தான் என்று உடனே தீர்ப்பளித்துவிடலாம். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவர் யார் என்ற கேள்வியையும் நாம் கேட்கத்தான் வேண்டும். "விளங்கியதா?" என்று ஆசிரியர் கேட்கும்போது, "இல்லை" என்று கையை உயர்த்துபவன் வகுப்பு முழுவதினதும் பார்வைக்கு இலக்காகிறான். அவனுக்குப் பல வேளைகளில் கிடைப்பது விளக்கமன்று, ஏளனச் சிரிப்பு. ஆகவே எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். ஆசிரியரும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறார்.

இந்தச் சங்கடத்திற்குப் பரிகாரமாக வகுப்பறைக்குள் ஒரு சிறு கருவி புகுந்துள்ளது. கிளிக்கர் என்பது அதன் பெயர். ஆசிரியர் ஒரு வினாவையும் நான்கைந்து விடைகளையும் திரையில் காட்டுவார். மாணவர் ஒவ்வொருவரும் தம் கையிலுள்ள கருவியின் பொத்தானை அழுத்துவர். எந்த விடையை எத்தனை பேர் தெரிவு செய்தனர் என்பது சில விநாடிகளில் திரையில் தோன்றும். யார் எதைத் தெரிவு செய்தார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. இன்று கைத்தொலைபேசியும் இதே வேலையைச் செய்கிறது.

சபைக்கு அஞ்சுவது சாதாரண பலவீனமன்று. உளவியலாளர் சொலமன் ஆஷ் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை நினைவிற் கொள்ளுங்கள். சில கோடுகளின் நீளத்தை ஒப்பிட்டுச் சொல்வதே வேலை. முன்னரே சொல்லிவைக்கப்பட்ட சிலர் வேண்டுமென்றே பிழையான விடையை உரத்துச் சொன்னார்கள். அதனைக் கேட்டபின், உண்மை அறியாத இளைஞர்கள் அளித்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தின் பிழையையே பின்பற்றியது. விடையைத் தனியே எழுத இடமளித்தபோதோ அந்தத் தொகை வெகுவாகக் குறைந்தது. வளர்ந்தவரையே கண்ணாரக் கண்டதை மறுக்கவைக்கும் கூட்டத்தின் முன் ஒரு சிறுவன் எம்மாத்திரம்?

ஆகவே மறைவு சில வேளைகளில் உண்மைக்குத் துணை செய்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் கற்பித்த எறிக் மசூர் தம் மாணவருக்கு விசை பற்றிய எளிய அடிப்படை வினாக்களைக் கொடுத்தார். கடினமான கணக்குகளைத் தீர்த்தவர்கள் பலர் அவற்றில் தடுமாறினர். மாணவர் ஒருவர், நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் உண்மையில் நினைப்பதை எழுதுவதா என்று கேட்டாராம். எவ்வளவு நேர்மையான கேள்வி! பரீட்சைக்கு ஓர் உண்மை, மனதுக்கு வேறோர் உண்மை என்று இரண்டை வைத்துக்கொண்டு வாழப் பழக்குவது கல்வியாகுமா?

1991ஆம் ஆண்டிலிருந்து மசூர் தம் முறையை மாற்றினார். மாணவர் முதலில் தனியே சிந்தித்து விடையளிப்பர், பின்பு அயலில் இருப்பவரோடு காரணம் சொல்லி வாதிடுவர், மீண்டும் விடையளிப்பர். குழுவில் ஒருவருக்குமே சரியான விடை முன்னர் தெரியாதபோதுகூட, இப்படிப் பேசுவதால் விளக்கம் பெருகக்கூடும் என்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆயினும் கருவி மனிதனை நேர்மையாளன் ஆக்கிவிடாது. 2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், விளையாட்டு, ஒழுக்கவியல், சமயம் ஆகியவை பற்றிய வகுப்பொன்றில் நடந்ததைப் பாருங்கள். வகுப்பில் பங்குபற்றியதற்கு கிளிக்கர் வழியாகப் புள்ளி வழங்கப்பட்டது. வராத சிலர் தம் கருவியை நண்பரிடம் கொடுத்தனுப்பினர்; நண்பர் அவர்களுக்காகவும் பொத்தானை அழுத்தினார். பேராசிரியர் ஐயுற்றுத் தாளிலும் விடை எழுதச் சொன்னபோது கணக்குப் பொருந்தவில்லை. அறுபத்து நான்கு மாணவர்மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அதுவும் ஒழுக்கவியல் வகுப்பில்! அம்மாணவரை நாம் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூச்சமுள்ளவனுக்கு நிழலாக இருக்கவேண்டிய கருவி, அங்கே வரவைக் கண்காணிக்கும் காவற்காரனாகவும் ஆக்கப்பட்டது. காவலைக் கண்டவுடன் ஏய்க்கும் வழியைத் தேடுவது மனித இயல்பின் பழைய நோய்.

"மறைவில் மட்டும் உண்மை சொல்லப் பழகும் பிள்ளை கோழையாகிவிடமாட்டானா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சமே. நெல் நாற்றை முதலில் நாற்றுமேடையில் வைத்துப் பேணுகிறோம். அங்கேயே முற்றவிட்டால் விளைச்சல் குன்றும். காலத்தில் பிடுங்கி வயலில் நடவேண்டும். மறைவான விடையும் அப்படியே. அது முதற்படி. அயலவனிடம் "நான் இப்படித்தான் நினைத்தேன், ஏனென்றால்..." என்று வாய்திறந்து சொல்வது அடுத்த படி. முழு வகுப்பின் முன் "எனக்குத் தெரியாது, விளக்குங்கள்" என்று நிமிர்ந்து கேட்பதே நாம் அடையவேண்டிய இடம். முதற்படியோடு நின்றுவிடும் வகுப்பறை திரையில் எண்களைக் காணும், மனிதரை வளர்க்காது.

ஆசிரியப் பெருமக்களே, இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமென்பதில்லை. எழுத்துப் பொறித்த நான்கு அட்டைகள் போதும். ஒரு துண்டுக் கடதாசி போதும். ஆனால் திரையிலோ அட்டையிலோ பிழையான விடைகள் வந்தபின் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே முக்கியம். "இதைத் தெரிவு செய்த மடையர் யார்?" என்று ஒரேயொருமுறை கேட்டுவிட்டால், அடுத்த நாள் எந்தக் கருவியும் உங்களுக்கு உண்மையைச் சொல்லாது.

பெற்றோரே, உங்கள் பங்கும் சிறிதன்று. பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்கிறீர்கள். இன்று உனக்கு விளங்காதது எது என்றும் கேளுங்கள். அவன் சொல்லும்போது கோபிக்காமல் கேட்டிருங்கள். அறியாமையை ஒப்புக்கொள்பவன் அவமானப்பட மாட்டான் என்ற உறுதியை முதலில் கொடுக்கவேண்டிய இடம் வீடே.