எந்தப் பக்கம் சொன்னது

பல்லி சொன்னால் மட்டும் போதாது; எந்தத் திசையில் சொன்னது என்பதைப் பொறுத்துத்தான் பலன். கௌளி சாஸ்திரம் திசைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. பலனில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும், பல்லியைப் பார்க்காமலே, ஒரே மூலையைக் கைகாட்டுகிறார்களே, அது சாஸ்திரத்தைவிடப் பெரிய விந்தை.

ஒலி திசையைச் சுமந்துகொண்டு வருவதில்லை. செவிப்பறையைத் தொடும்போது அது வெறும் காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். கண்ணின் கதை வேறு. விழித்திரையில் ஒளி விழும் இடமே அது வந்த பக்கத்தைச் சொல்லிவிடும். உட்காதின் நத்தைச் சுருளிலும் இடங்கள் உண்டுதான். ஆனால் அவை கீழ்ச்சுருதிக்கு ஓரிடம், மேல்சுருதிக்கு ஓரிடம் என்று பிரிந்தவை. வாசலுக்கும் கொல்லைக்கும் அங்கே தனித்தனி இடம் கிடையாது. இரண்டு காதுகளும் சொல்வதில் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பார்த்துத்தான் மூளை இட வலத் திசையை உண்டாக்கிக்கொள்கிறது.

*

இரு காதுகளுக்கும் இடையிலான அந்த வேறுபாடு எவ்வளவு சிறியது! காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நேர் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி, தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதை அடைய ஏறக்குறைய 0.0007 நொடி பிந்தும். அதுதான் உச்சம். முகத்துக்கு நேரிலிருந்து ஒரு பாகை நகர்ந்த ஒலியையும் நல்ல காதுகள் கண்டுபிடித்துவிடும். அப்போது இடைவெளி நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு நரம்புத் துடிப்பு முடியவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகிறது. துடிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது அங்கே கணக்கில்லை. அது கிளம்பிய கணம்தான் கணக்கு. அதையும் பல நரம்பணுக்கள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மூளைத்தண்டிலேயே, நாம் 'கேட்டேன்' என்று உணர்வதற்கு முன்பே, இது நடந்துவிடுகிறது.

*

இயற்பியலாளர் ராலே பிரபு 1870களில் புல்வெளியில் கண்ணை மூடி நின்றுகொண்டு, சுற்றிலும் ஆட்களை நிறுத்திப் பார்த்தார். பேச்சுக்குரல் என்றால் திசையைச் சொல்ல முடிந்தது. இசைக்கவையின் சுத்தமான ஒற்றைச் சுருதி என்றால் இடமா வலமா என்பது மட்டும் தெரிந்தது. முன்னாலா பின்னாலா என்பதில் குழம்பினார். மூக்குக்கு நேரே எழுந்தாலும் பின்மண்டைக்கு நேரே எழுந்தாலும் ஒலி இரு காதுகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தானே சேரும்.

தலை மறைப்பதால் தூரக் காதில் ஒலி மங்குவதே திசையைக் காட்டுகிறது என்று முதலில் கருதினார். மேல்சுருதிக்கு அது சரி. ஆனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்று மீட்டருக்கும் மேல். ஒரு சாண் அகலம்கூட இல்லாத தலையை அது எளிதாகச் சுற்றிக்கொண்டு போய்விடும், மங்காது. அதற்கு நேர இடைவெளிதான் துணை என்பதை 1907இல் எழுதினார். சொந்தக் கருத்தை முப்பது ஆண்டுக்குப் பிறகும் கிளறிப் பார்க்கிற பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது.

சுவர்க்கோழி எங்கே கத்துகிறது என்று தேடி அலுத்துப்போவதும் ஒற்றைச் சுருதியின் இந்தக் குழப்பத்தால்தான். நம் காதுக்கு அது விடாமல் நீளும் மெல்லிய சுருதி. நேரத்தை ஒப்பிடத் தெளிவான ஒரு தொடக்கம் எளிதில் அகப்படாது. பல்லியின் 'டிக் டிக்' ஒவ்வொன்றும் வெட்டித் தொடங்குகிறது.

*

கிணற்றுக்குள் நாம் மூழ்கியிருக்கும்போது யாராவது நீருக்குள் இரண்டு கல்லைத் தட்டினால் எல்லாப் பக்கமிருந்தும் கேட்கும். நீரில் ஒலிக்கு நான்கு மடங்குக்கும் மேலான வேகம். காதுகளுக்கிடையிலான நேரம் சுருங்கிவிடுகிறது.

*

மேலா கீழா என்பதற்கு இரண்டு காதுகளின் ஒப்பீடு அவ்வளவாக உதவாது. அதற்குச் செவிமடலின் மடிப்புகள் இருக்கின்றன. வரும் ஒலியின் மேல்சுருதிகளில் சிலவற்றை அவை தேய்க்கின்றன, சிலவற்றைத் தூக்குகின்றன. உயரத்துக்கு உயரம் அந்தச் சாயல் மாறும். 1998இல் நெதர்லாந்தில் ஹாஃப்மன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் சிலரின் செவிமடல் குழிவுகளில் அச்சுகளைப் பொருத்தி, காதின் வடிவத்தையே மாற்றினார்கள். இட வலம் பெரிதாகக் கெடவில்லை. மேல் கீழ் தெரியாமல் போயிற்று. அச்சுகளோடு சில வாரம் நடமாடியதும் அது மெல்லத் திரும்பி வந்தது. அச்சுகளை எடுத்தபோது பழைய காதையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கும் என்றுதான் நினைப்போம். வேண்டியிருக்கவில்லை. உடனே சரியாகக் கேட்டது. இரண்டு ஜோடிக் காதுகளுக்கான கணக்கு ஒரே தலையில் ஒன்றையொன்று அழிக்காமல் இருந்திருக்கிறது.

வெண்கூகை இன்னொரு வழியில் போயிருக்கிறது. அதன் காதுத்துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. நேர இடைவெளி பக்கத்தைச் சொல்ல, ஒலியளவின் வித்தியாசம் உயரத்தைச் சொல்கிறது. கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பைக் கேட்டே பாய்ந்து பிடிக்கும் என்று ராஜர் பெய்ன் சோதித்துக் காட்டினார். பிற்பாடு திமிங்கிலப் பாட்டால் பெயர்பெற்றவர் அவர்தான். கோணல் காது குறை என்றே தோன்றும் நமக்கு.

*

அத்தைக்குச் சிறுவயதில் பொன்னுக்குவீங்கி வந்து இடது காது போய்விட்டது. வலது காது கூர்மை. மெதுவாகப் பேசினாலும் விழும். ஆனால் வீட்டில் செல்போன் அடித்தால் எந்த அறை என்று தெரியாது. தலையைத் திருப்பித் திருப்பி, ஒலி கூடும் பக்கமாக நடந்து போய் எடுப்பார். கல்யாண மண்டபம்தான் அவருக்குச் சிரமம். மேளத்துக்கும் பந்திச் சத்தத்துக்கும் நடுவே நாம் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுப்பது, குரல்கள் வெவ்வேறு இடங்களில் நிற்பது நமக்குக் கேட்பதால். அவருக்கு எல்லாம் ஒரே இடத்தில் குவிகிறது. வரிசையின் இடது ஓர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார், எல்லோரும் வலப்பக்கம் வருமாறு. விவரம் தெரியாமல் யாராவது உரக்கப் பேசினால், "கத்தாதப்பா, காது நல்லாத்தான் கேக்குது. ஒவ்வொருத்தரா பேசச் சொல்லு" என்பார்.