யாருக்குப் பிரயோஜனம்?



நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வெகுகாலம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் பாடுபட்டவர். மூன்று வருஷமாகப் பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கிறார். அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, "சாமி, நான் இனி யாருக்குப் பிரயோஜனம்? சோற்றுக்குத்தான் கேடு" என்றார். ஆறுதல் சொல்லிவிட்டு வருவது எளிது. ஆனால் அவர் கேட்டதோ கேள்வி. வேலை செய்ய இயலாதவனுக்கு மதிப்பு உண்டா, இல்லையா?

விடை தேடுகையில், சந்திரனில் இருக்கும் ஒரு சிறு பொருள் என் நினைவுக்கு வந்தது.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் கலம் சந்திரனில் இறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் நமக்கு அண்மையிலுள்ள விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். செப்டம்பர் 4-ந் தேதி, அங்கே இரவு நெருங்கியதால் கலத்தை உறங்க வைத்தார்கள். விடிந்தபின் எழுப்பிப் பார்த்தார்கள், எழவில்லை. அதன் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினோம்.

ஆனால் அக்கலத்தின்மேல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் கொடுத்த ஒரு சாதனம் இருந்தது. அகலம் 5 சென்டிமீட்டர். குமிழ்போன்ற அலுமினியச் சட்டத்தில் எட்டுப் படிகப் பட்டகங்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். தன்மேல் விழும் லேசர் ஒளியை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். அவ்வளவே அதன் வேலை. அதே ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி, சந்திரனைச் சுற்றிவரும் நாசாவின் கலம் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அதன்மேல் ஒளியைச் செலுத்தியது. மறுமொழி வந்தது! ஒளி போய்வந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்தார்கள். இனி அங்கே செல்லும் கலங்களுக்கு அது ஓர் எல்லைக்கல்.

பூமியைச் சுற்றியும் இத்தகையது ஒன்று உண்டு. 1976 மே 4-ந் தேதி ஏவப்பட்ட லேஜியாஸ், 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. மேனியெங்கும் 426 பட்டகங்கள். உள்ளே இயந்திரமும் இல்லை, மின்கலமும் இல்லை. கண்டங்கள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்வதை அளக்க இந்த ஊமை உருண்டை உதவியிருக்கிறது.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை விக்ரமின் அப்பட்டகம் பயனற்றா கிடந்தது? இல்லை. அதன் தகுதி அதனிடம் இருந்தது. ஒளிதான் போய்ச் சேரவில்லை. மறுமொழி இல்லாத வீடுகளில் குற்றம் யாருடையது? படுத்திருப்பவருடையதா, கேட்காதவருடையதா?

மனிதன் கண்ணாடி அல்லவே என்பீர்கள். மெய்தான். கண்ணாடியைப் பயனால் மதிக்கலாம். மனிதனை அப்படி மதிப்பது தகாது. பேச்சும் நினைவும் அற்றுக் கிடப்பவரும் மனிதரே. அவர் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் தர இருப்பவரிடம்கூட நாம் கேட்பதில்லையே! வேளைக்குக் கஞ்சி வைக்கிறோம், மாத்திரை கொடுக்கிறோம். ஒரு கேள்வி கேட்கிறோமா?

மறுமுறை போனபோது அப்பெரியவரிடம், "தணலின் நிறத்தைப் பார்த்தே சூளையின் சூட்டை எப்படி ஐயா அறிவீர்கள்?" என்று கேட்டேன். குழறிய நாவால் அரைமணி நேரம் சொன்னார். சூளை வேலைக்குப் போகும் அவருடைய பேரன், கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தான்.

இவ்வாரம் உங்கள் வீட்டுக் கட்டிலருகேயும் சென்று ஒரு கேள்வி கேளுங்கள்.